பரிசுச் சீட்டில் நான் எழுதிய பெயர்

எனக்குக் கையெழுத்து அழகாக அமைந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசைக்காரர்களுக்கெல்லாம் கடலுக்கு அக்கரையிலிருந்த சொந்த ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். வயது பத்து. ஆகவே வாசகசாலையில் பரிசளிப்பு விழா வைக்கப் பெரியவர்கள் முடிவு செய்த அன்று மாலையே, யாரும் கூப்பிடாமல், பேனாவும் மைக்கூடுமாகப் போய் நின்றுவிட்டேன்.

வாசகசாலையின் காரியதரிசி என் தாய்மாமா. ரயில்வே குமாஸ்தா, முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளை அந்தி நேரத்தில் உட்கார்த்திவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷம் அவர்களில் ஆறு பேர் பரீட்சையில் தேறியிருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் பரிசு. அதன் முதல் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் ‘இன்னார் குமாரன் இன்னாருக்கு’ என்று எழுத வேண்டும். மேடையிலும் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள்.

"நான் எழுதறேன் மாமா."

"மை கொட்டாம எழுதுவியா?"

"கொட்டினா வேற ஆளப் பாத்துக்குங்க."

மாமா சிரித்துக்கொண்டே சீட்டுகளைக் கொடுத்துவிட்டார்.

ஐந்து சீட்டுகள் மளமளவென்று முடிந்தன. ஆறாவது, முத்தையா. ரயில் பட்டறையில் தண்ணீர் சுமக்கிறவன், பதினைந்து வயதிருக்கும். முதல் தடவை கணக்கில் போயிற்று. அடுத்த தடவை பரீட்சையன்று குளிர்காய்ச்சல். மூன்றாவது தடவை தேறினான். வாளியை இறக்கிவைத்த இடத்திலெல்லாம் கரித்துண்டால் கணக்குப் போட்டுப் போட்டு, சுவரை நாசமாக்கியதற்காகப் பட்டறையில் அவன் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

அவனிடம் போய், "உங்க அப்பா பேரென்ன?" என்று கேட்டேன்.

"தெரியாது பாப்பா. கப்பல்ல வந்தப்ப ஆத்தா மட்டுந்தான் இருந்துச்சு. அதுவும் போயிருச்சு. சும்மா முத்தையான்னு எழுது, போதும்."

போதுமா? மற்ற ஐந்து சீட்டிலும் இரண்டிரண்டு பெயர் இருக்க, இதில் மட்டும் ஒன்று என்றால் பார்க்க எப்படி இருக்கும்? எனக்கு மனசு ஒப்பவில்லை. வாசகசாலைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மற்றப் பிள்ளைகளுக்கு நேரே அவரவர் தகப்பனார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்; கைநாட்டும் இருந்தது. முத்தையாவுக்கு நேரே மாமாவின் கையெழுத்து இருந்தது. மூன்று வருஷத்துக்கும் அவர்தான். என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் என் அப்பா. அப்படியானால் கணக்குச் சரிதானே? ஒரு சொட்டு மை கொட்டாமல் எழுதி, ஊதிக் காயவைத்து, நானே ஒட்டியும் விட்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மஞ்சள் ரிப்பன் குத்திக்கொண்டு வாசலில் பன்னீர் தெளிக்கும் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். கிள்ளானிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களை நன்றாகக் கவனிக்கும்படி அம்மா தனியாகச் சொல்லியிருந்தாள். நம் பிள்ளைகள் தேறியதைப் பார்க்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்களாயிற்றே என்று இரண்டு தடவை தெளித்தேன்.

தலைமை வகித்தவர் கனத்த குரல் கொண்ட ஒரு காண்ட்ராக்டர். ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொருவனாக மேலே போய் மாலை போட்டுக்கொண்டு புத்தகம் வாங்கினான். கடைசிப் புத்தகத்தைத் திறந்தார். மாமாவின் பெயரைக் கணீரென்று சொல்லி, "அவர்கள் குமாரன் முத்தையா" என்றார்.

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு பின்னாலிருந்து யாரோ, "கல்யாணமே ஆவல, புள்ள பாஸ் பண்ணிருச்சா?" என்றார்.

"இம்புட்டுப் பெரிய புள்ளைய இத்தன நாளா எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றது இன்னொரு குரல்.

கூரை ஓடு அதிரச் சிரிப்புக் கிளம்பியது. முத்தையா சிரிக்கவில்லை. இரவல் சட்டையின் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றவன், மேடைப் பக்கம் வராமல் வாசல் பக்கமாக நகர ஆரம்பித்தான். மூன்று வருஷம் படித்தவன் இன்னும் நாலடி வைத்தால் தெருவுக்குப் போய்விடுவான். எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன், வாங்க வராமல் போகிறானே!

தலைவர் மாமாவைப் பார்த்து, "தப்பா எழுதிட்டாங்களா? திருத்தி வாசிக்கவா?" என்று கேட்டார்.

மாமா எழுந்து நின்றார். முதலில் முன்வரிசையைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

"தப்பில்லீங்க. எழுதினபடியே இருக்கட்டும்" என்றவர், விடுவிடுவென்று வாசலுக்குப் போய் முத்தையாவின் தோளில் கை போட்டார். "எங்கடா போற? பேரு கூப்பிட்டாங்கல்ல, வா."

இருவருமாகத்தான் மேடையேறினார்கள். மாலையை வாங்கி மாமாவே போட்டார். யார் முதலில் கை தட்டினார்கள் என்று தெரியவில்லை. அது நானாக இருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் என் கையில் பன்னீர்ச் செம்பு இருந்தது. சிரித்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். முத்தையா புத்தகத்தைத் திறந்து சீட்டை மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவன்போல வாசித்தான். மூடினான். மறுபடி திறந்து வாசித்தான்.

தேநீர் கொடுக்கும் நேரம். கிள்ளான்காரர்களுக்கு நானே இரண்டு குவளை எடுத்துப் போனேன். அவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நேரமாச்சும்மா. ரயிலுக்குப் போகணும்" என்றார் அந்த அம்மாள். குவளையைத் தொடவில்லை.

மாமாவிடம் ஓடிச் சொன்னேன். அவர் வாசலைப் பார்க்காமலே, "சரி, அத முத்தையாவுக்குக் குடு" என்றார். அவன் இரண்டையும் குடித்தான். அடுப்படியில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விறகு ஈரம் என்று நினைத்து, ஊதுகுழலை எடுத்துக் கொடுத்தேன்.

பட்டறையில் தொழில் பழகச் சேர முத்தையா விண்ணப்பம் எழுதியபோது, தகப்பன் பெயரை யாரையும் கேட்காமல் தானே எழுதினான். மாமாவுக்குக் கல்யாணம் நடக்க அதற்கப்புறம் நான்கு வருஷம் ஆயிற்று. பெண்ணுக்கு ஊர் கிள்ளான் அல்ல, காஜாங்; மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தவன் முத்தையா.

அன்றைக்கு எனக்கு இருந்த குறையெல்லாம், கிள்ளானிலிருந்து வந்தவர்கள் என் கையெழுத்தைப் பார்க்காமலே ரயிலுக்குப் போய்விட்டார்களே என்பதுதான். பொழுது சாய்வதற்குள் கிள்ளானுக்கு இன்னும் இரண்டு ரயில் இருந்தது. ரயில்வேக்காரர் வீட்டுப் பெண், எனக்கு அது நன்றாகவே தெரியும்.