ரத்தானது அசல் மட்டும்

சான் ஹோசே வீட்டில் மகளோடு, மந்திரவாதிகள் மோதிக்கொள்ளும் அவளுடைய சீட்டாட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு மந்திரச் சீட்டை இறக்கி, இன்னொரு சீட்டால் அதற்கு நகலும் எடுத்தாள். நான் என் சீட்டு ஒன்றால் அந்த மந்திரத்தை ரத்து செய்தேன்.

"ஒரிஜினல்தான் கேன்சல், அம்மா. காப்பி ஸ்டில் ஒர்க்ஸ்," என்றாள்.

என்றோ முகர்ந்த கார்பன் தாளின் வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வெளியூரில் தனியாக வேலை பார்த்த அப்பா, எங்களோடு வந்துசேர மாற்றல் கேட்டு, விடுமுறைக்கு வீடு வந்திருந்த ஞாயிறு முழுக்க எழுதிய மனுவின்மேல் மைப்புட்டியைக் கவிழ்த்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் ஒளிந்து அழுதேன்.

"அழாதடி. கார்பன் காப்பி பெட்டியில பத்திரமா இருக்கு," என்றார் அப்பா. அதிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்த நீல எழுத்துதான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது.

மகளின் நகல் என்னைத் தோற்கடித்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.