சிவமூலிக்கு ஊற்றிய அபிஷேகப் பால்

கஞ்சாச் செடி இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. விரித்த கை மாதிரி இலை, விரலுக்கு விரல் ரம்பப் பல். காலையில் பார்த்த உயரம் சாயங்காலம் இருக்காது. மாசியில் சாண் உயரக் கன்றாக எங்கள் புழக்கடைக்கு வந்தது, பங்குனி முடிவதற்குள் என் இடுப்பைத் தொட்டுவிட்டது. துணி உலர்த்தப் போனால் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்க்காமல் நான் திரும்பியதில்லை. விதைத்தவன் உறங்கினாலும் விதை உறங்காது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த விதை முளைத்ததே ஒருத்தி உறங்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்த ஒருத்தி என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவளை வதினா என்று கூப்பிடுவேன். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். அவள் வயிற்றில் கட்டி. பட்டணத்துக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய்க் காட்டினோம், கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தூக்கத்தைப் பற்றித்தான் பேசுவாள். முழங்காலை மார்போடு அணைத்து, நத்தை மாதிரி சுருண்டு, புழக்கடைத் தாழ்வாரத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பாள். "படுத்தா வயித்துக்குள்ள தறி ஓடுதும்மா, நாடாவ எவன் தள்றான்னுதான் தெரியல" என்பாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து கிருத்திகைக்குக் கிருத்திகை பஸ்ஸேறி எங்கள் ஊர் முருகன் மலைக்கு வருகிற வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் வதினாவின் நாடியைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"கட்டிய என்னால கரைக்க முடியாதும்மா. தூக்கத்த வேணும்னா குடுக்கலாம். ஆனா நல்ல செடி வேணும், அது பூக்கணும்."

சர்க்காரிடம் கேட்டுக்கொண்டு மருந்துக்காக வளர்க்கிறவர் அவர். ஆனால் அவர் தெருவில் வீட்டுக்கு வீடு ஆடு. எங்கள் கொல்லைக்கு மதில் இருந்தது. அதனால் கன்றை இங்கே கொண்டுவந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பழைய மண் தொட்டியில் அடியில் ஓட்டை போட்டு நட்டார். "வெயில் காட்டுங்க. மண்ணு காஞ்சா தண்ணி ஊத்துங்க" என்றார். அதோடு போயிருக்கலாம். வாசல்படியில் நின்று, "இதுக்கு இன்னொரு பேரு சிவமூலி" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பேர்தான் எல்லாவற்றையும் செய்தது.

என் வீட்டுக்காரருக்கு வேலை, மலையடிவாரக் குளத்திலிருந்து காவடித் தண்டில் இரண்டு குடம் கட்டி அபிஷேகத்துக்குத் தண்ணீர் ஏற்றுவது. இறங்கி வரும்போது ஒரு சொம்பு அபிஷேகப் பால் கொடுப்பார்கள். சாமி மேல் பட்ட பாலைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாது. வாயில் விட்டது போக மிச்சத்தை ஏதாவது செடியின் அடியில்தான் ஊற்ற வேண்டும். அதுவரை அது எங்கள் வாழைப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. சிவமூலி என்ற பேரைக் கேட்ட அன்றே சொம்பு திசை மாறிவிட்டது.

"அப்பனோட செடி, புள்ளையோட பாலு. இத்தவிட இன்னா எரு வேணும்?" என்றார் அவர். எனக்கும் மெய் சிலிர்த்தது. தினமும் பால், கிருத்திகையில் பஞ்சாமிர்தமும் சந்தனமும். பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்தவர். அவர் மட்டும் சும்மா இருப்பாரா? முறத்தில் கோழி எருவோடு வந்தார். "உங்க சாமி பாலு குடுக்கட்டும், எங்க கோழி ஆனத குடுக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே கொட்டினார்.

வதினாவுக்கும் இதே உபசாரம்தான். நான் கஞ்சியோடு நிற்பேன், டீச்சரம்மா முட்டையோடு நிற்பார், என் வீட்டுக்காரர் பஞ்சாமிர்தத் தொன்னையோடு நிற்பார். அவள் "சாலு, சாலு" என்று தெலுங்கில் கையை ஆட்டுவாள். போதும் என்று எந்தப் பாஷையில் சொன்னாலும் நேசிக்கிறவர்கள் காதில் ஏறாது. உள்ளே போனது அப்படியே வெளியே வரும். நாங்கள் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவோம்.

சித்திரையில் செடி கெட்டது. இலை நுனி தீய்ந்து, கோழிக்கால் மாதிரி கீழ்நோக்கி வளைந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏடு கட்டியது. எறும்பு, புளித்த வாடை. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. பசியில் வாடுகிறது என்றுதான் நினைத்தோம், இன்னும் கொஞ்சம் ஊற்றினோம். இலைகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. உதிர்ந்தது இலை இல்லை, அவளுடைய தூக்கம்.

ஒருநாள் காலை என் வீட்டுக்காரர் சொம்போடு செடியை நெருங்க, கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"டேய், கிட்ட போவாத."

"இன்னாக்கா?"

"அது மூஞ்சப் பாரு. பசிக்கிற மூஞ்சியா அது? என் மூஞ்சி மாதிரியே கீது. சாலு சாலுன்னு கத்திகினு கீது, எவன் காதுலயும் உழல."

நான் குறுக்கே புகுந்து, "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சொல்லுவாங்க இல்ல, வதினா…" என்றேன்.

"அத்த எல்லாரும்தான் சொல்றீங்க. எவளாச்சும் கரண்டிய கீழ வெச்சீங்களாடி?"

என் கையில் அப்போதும் கஞ்சிக் கிண்ணம் இருந்தது.

"அப்ப இன்னா பண்றதுக்கா?" என்றார் அவர்.

"பிசுக்கு ஏறுன பானைய உன் பொண்டாட்டி இன்னா பண்ணுவா? அலசுவா. அத்தயும் அலசு. வெறும் தண்ணி. அடியால தெளிஞ்சு வர்ற வரைக்கும்."

அவர் சொம்போடு ஓரடி பின்வாங்கினார். "அக்கா, உள்ள கீறது பூரா சாமி பாலு. அது அடியால வந்து, சலதாரையில ஓடி, தெருவுல போறவன் வர்றவன் மிதிப்பான். அப்பால நான் எந்தக் காலோட மலை ஏறுவேன்?"

அது சாக்கு இல்லை. அந்தக் காலை நம்பித்தான் அவர் பிழைப்பு, அவர் பக்தி, எல்லாம். வதினாவுக்கும் அது தெரியும். மதிலோரத்து வாழையைக் கையால் காட்டினாள்.

"அந்த வாழ இன்னா கல்லாடா? தொட்டியத் தூக்கி அது தலமாட்டுல வை. ஒரு செடி அடியில ஊத்துன பாலு இன்னொரு செடி அடிக்குப் போவுது. எவன் காலும் படாது. உன் முருகன் கேட்டா என் பேரச் சொல்லு. நான்தான் சீக்கிரம் நேர்ல பாக்கப் போறேனே, பேசிக்கிறேன்."

அவளே சிரித்தாள், பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

தொட்டியின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நானும் டீச்சரம்மாவும். அங்கே "முருகா", இங்கே "ஏசப்பா". இரண்டு கருங்கல்லின் மேல், வாழைப் பாத்தியின் தலைப்பில் ஏற்றி வைத்தோம். எங்கள் கிணறு வற்றிக் கிடந்ததால் அவர் குளத்திலிருந்து காவடியில் கொண்டுவந்தார்.

"மலைக்குத் தூக்குனா மூச்சு வாங்கல, சமதரையில வாங்குதே!"

"அங்க புண்ணியம் வரும்னு தூக்குற, இங்க அக்கா திட்டுவான்னு தூக்குற. ஊத்துடா" என்றாள் வதினா.

முதலில் தண்ணீர் இறங்கவே இல்லை. நான் துடைப்பக் குச்சியால் ஏட்டை மெல்லக் கீறிவிட்டேன். பிறகு அடியில் ஒரு சொட்டு, ஒரு இழை. வெள்ளையாக, குமட்டுகிற வாடையோடு வந்தது. அந்த வாடைக்குள்ளும் எங்கேயோ சந்தனம். பின்னால் கருப்பட்டிக் கரைசல் நிறம், அதற்குப் பின்னால் அரிசி களைந்த தண்ணீர் நிறம். குடம் குடமாக அவர் ஊற்ற, பாத்தி மடக்கு மடக்கென்று குடித்தது. வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் ஓட்டையின் கீழ் கையை ஏந்தினேன். உள்ளங்கை நிறையத் தண்ணீர், அதன் அடியில் என் கைரேகை அத்தனையும் தெரிந்தது. குளத்தில் எப்படி இருந்ததோ அப்படியே உள்ளே போய் வெளியே வந்திருந்தது. நான் கையை உதறாமல் அப்படியே நின்றேன். கட்டிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வதினா ஒரு விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மண் காயும்வரை ஒரு சொட்டு ஊற்றவில்லை. தீய்ந்த இலை தீய்ந்ததுதான், மிச்சமும் விழுந்து தண்டு குச்சியாக நின்றது. கொன்றுவிட்டோம் என்று அவர் சோறு இறங்காமல் திரிந்தார். ஒரு காலை, உச்சியில், அரிசி முனை அளவுக்குப் பச்சை. மறுநாள் அது விரிந்து நிமிர்ந்து நின்றது. டீச்சரம்மா முறத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "கொஞ்சூண்டு?" என்று வதினாவைக் கேட்டார். அவள் தலையசைத்த அன்றைக்கு மட்டும், கோழி எருவை ஊறவைத்த தெளிவில் ஒரு கை, அதற்கு ஒரு குடம் தண்ணீர்.

நானும் கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் கேட்டால் சீரகத் தண்ணீர், கேட்டால் இரண்டு வாய் ரசம் சாதம். கேட்காவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். வாந்தி நின்றது. வலி நிற்கவில்லை.

ஆடிக் கிருத்திகைப் பூக் காவடிகள் போய், வெயில் சாய்ந்து, பகல் குறுகியபோது செடி பூத்தது. பூ என்றால் இதழ் ஒன்றும் கிடையாது. பச்சையாக, பிசுபிசுப்பாக, கொத்துக் கொத்தாக. காற்றடித்தால் தெருமுனை வரை மணம். வைத்தியர் வந்து பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார். பறித்ததை உடனே மருந்தாக்கவில்லை. தண்ணீர் கேட்டார். இலையின் பச்சைச் சாயம் போய்த் தண்ணீர் தெளிகிறவரை திரும்பத் திரும்ப அலச வேண்டுமாம்.

"இதையுமா?" என்றேன்.

"அலசாம குடுத்தா மருந்து இல்லம்மா, மயக்கம்."

கட்டிலிலிருந்து வதினா சொன்னாள்: "செடி ஆச்சு, நான் ஆச்சு, இப்ப இலையா? அலசுங்க வைத்தியரே, அலசுங்க."

நெய்யில் கிண்டிய லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு அவளே வாங்கிப் போட்டுக்கொண்டாள். மத்தியான வேளை. நான் அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கட்டிலில் அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். அந்தக் கால்கள் அவ்வளவு நீளம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ரயில் கூவிக்கொண்டு போனது. மலையில் உச்சிக்கால மணி அடித்தது. அவள் அசையவில்லை.

மலையிலிருந்து இறங்கி வந்தவர், புழக்கடை வாசலிலேயே நின்றுவிட்டார். நீட்டிய கால்களைத்தான் அவர் முதலில் பார்த்தார். முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். நான் பேசாமல் வதினாவின் முந்தானையைக் காட்டினேன். அது ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது.

அவர் சொம்பைத் தூக்கிக் காட்டி, எங்கே என்று கண்ணால் கேட்டார். நான் வாழையைக் காட்டினேன். நுனிக்காலில் நடந்துபோய், சத்தம் வராமல் இருக்கக் குனிந்து, மண்ணோடு மண்ணாக ஊற்றிவிட்டு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, சந்நிதியில் திரை விலகியதும் பார்ப்பாரே, அப்படி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.