பிந்தி வந்த குரல்

மாசிலாமணிக்குக் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம்தான். தல்லாகுளத்தில் கலெக்டர் ஆபீசில் டைப்பு அடிக்கிற வேலை அவருக்கு. பகலெல்லாம் பத்து விரலும் தகரக் கூரையில் மழை விழுந்தாற்போலத் தட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் சைக்கிளை மிதித்து ஆற்றைத் தாண்டிச் சிம்மக்கல்லுக்கு வந்துவிட்டால், அதே கை காற்றில் எழும்பி நிற்கும். அது அசைந்ததும் எட்டு ஒன்பது பேர் வாயைத் திறப்பார்கள். சபைப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாடகர் குழுவை நடத்தி வந்தவர் அவர்தான். அதில் ஒருவருக்கும் கூலி கிடையாது. மில்லில் நூல் ஓட்டுகிறவன், வாத்தியார், பெண்கள் விடுதி மேட்ரன் என்று அவரவர் வேலையை முடித்துவிட்டு வந்து, பாடிவிட்டுப் போகிறவர்கள்.

மாசிலாமணி பிறந்தது திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில். மழை பொய்த்த ஒரு வருஷம், அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து மிஷன் போர்டிங்கில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்த வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் மாசிலாமணிதான். அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூசியதே இல்லை. கூசுவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆனால் போர்டிங்கில் அவரைக் கட்டிப்போட்டது எழுத்து இல்லை, பாட்டு. ஊரில் பாட்டென்றால் களை எடுக்கிற பெண்கள் எல்லோரும் ஒரே தடத்தில்தான் போவார்கள். இங்கே ஒரு துரை, பையன்களை நாலு வரிசையாக நிறுத்தி, வரிசைக்கு ஒரு மெட்டைச் சொல்லிக் கொடுத்தார். நாலும் ஒரே நேரத்தில் கிளம்பியபோது மோதிக்கொள்ளப் போகின்றன என்று பயந்து அந்தப் பையன் காதைப் பொத்திக்கொண்டான். மோதவில்லை. அடுக்குப்பானை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்த பித்து பிறகு விடவே இல்லை.

அவர் மனைவி ஞானசுந்தரியும் போர்டிங்கில் வளர்ந்தவள்தான். குழுவில் மேல்குரல் அவளுடையது. அடுக்கில் உச்சியில் இருக்கிற பானை. நல்ல குரல், ஆனால் தாமதக்காரி. மற்றவர்கள் எல்லோரும் சுருதியில் போய் நின்ற பிறகுதான் அவள் மூச்சை எடுப்பாள். அந்த மூச்சுக்கூடக் கேட்கும். பிறகு கீழேயிருந்து லேசாகத் தொட்டு, ஏறி, தன் இடத்துக்கு வந்து சேருவாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் மாசிலாமணி கையை இறக்கிவிட்டு, "சுந்தரி, ரயிலு போயிருச்சு" என்பார்.

"போகட்டும். அடுத்த ஸ்டேஷன்ல ஏறிக்கிறேன்" என்பாள் அவள். மண்டபமே சிரிக்கும்.

முப்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் டைபாய்டு காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. மாசிலாமணி ஆபீசுக்குப் போனார், வந்தார். பாட்டு நின்று போயிற்று. மழைக்காலத்தில் சபைக் குருவானவர் ஆள் அனுப்பினார்: கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மண்டபத்தில் ஒரு கச்சேரி, மறுநாள் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் ஒன்று, அதற்கும் மறுநாள் ஆஸ்பத்திரி வார்டில் ஒன்று; குழுவைக் கூட்ட வேண்டும் என்று.

கூட்டினார். மேல்குரலுக்கு ஆள் இல்லை. "உச்சியை விட்டுட்டு மத்ததைப் பாடுவோம்" என்று சொல்லிவிட்டார். அன்று பெட்ரோமாக்ஸ் விளக்கு சீறுகிற சத்தம் எரிச்சலாக இருக்கவே, அதைத் தூக்கி வெளித்தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னார். மண்டபம் பாதி இருட்டாயிற்று. செங்கல்லில் வளைத்துக் கட்டிச் சாந்து பூசிய கூரை அது. சொன்ன சொல்லைச் சட்டென்று விடாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருக்கும். பாட்டு முடிந்து கடைசியில் நீளமாக ஒரு ஆமென். அடிக்குரல்காரன் சங்கிலி கீழே அகலமாக விரித்தான். கண்ணுச்சாமி வாத்தியார் நடுவில் நின்றார். மேட்ரன் பாக்கியத்தம்மாள் இரண்டாம் குரலை அதன் மேல் வைத்தார். மூன்றும் அசையாமல் நின்றன.

அப்போது மேலே அது வந்தது.

எல்லோரும் நின்ற பிறகு, கீழேயிருந்து லேசாகத் தொட்டு, ஏறி வந்தது. யார் வாயும் அந்தச் சுருதிக்குத் திறந்திருக்கவில்லை. மாசிலாமணியின் கை காற்றிலேயே நின்றுவிட்டது. சங்கிலிக்கு மூச்சுத் தீர்ந்து சத்தம் அறுந்ததும் அதுவும் அறுந்தது.

"என்னண்ணே, இறக்க மறந்துட்டீகளா?" என்றான் சங்கிலி. பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தான். "வௌவால் எதுவும் அடைஞ்சிருக்கோ?"

கண்ணுச்சாமி வாத்தியார் மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "சுருதி மூணும் பிசகாமச் சேந்துச்சுன்னா மேல ஒண்ணு தானா முளைக்கும்னு அந்தக் காலத்துல துரை சொல்லுவாரு. கூடத்தோட குணம், வேற ஒண்ணும் இல்ல" என்றார். ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து விளக்கு வெளியேதான். பாட்டின் ஓட்டமும் குறைந்துகொண்டே வந்தது. சேர்ந்து நிற்கிற இடமெல்லாம் நீண்டது. அவள் வருவதற்கு நேரம் வேண்டாமா? சில நாள் வருவாள். சில நாள் பாக்கியத்தம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்தால் வரமாட்டாள். வராத அன்று மாசிலாமணி திரும்பத் திரும்ப அதே இடத்தைப் பாடவைப்பார்.

"மாப்ள, எனக்கு மூச்சு முட்டுது" என்றார் கண்ணுச்சாமி ஒருநாள்.

"மூச்சு கிடக்கட்டும்ணே," என்றான் சங்கிலி. "இம்புட்டு இழுத்தா, பாலன் பிறந்து முடியிறதுக்குள்ள ஈஸ்டர் வந்துரும். மில்லுல எங்க மேஸ்திரி கேக்குறான், உங்க கோயில்ல யாரு செத்தான்னு."

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. "இன்னொரு தரம்" என்றார்.

கார்த்திகை முதல் வாரத்தில் குருவானவர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இது சொர்ணம். ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்கிற நர்ஸு. மேல்குரல் நல்லா வரும்."

"இந்த வருஷம் மேல்குரல் இல்லாமலே அமைச்சிட்டேன் ஐயா."

"அமைச்சிட்டியா? நேத்து வாசல்ல நின்னு கேட்டேன் மாசிலாமணி. கூரை போடாத வீடு மாதிரி இருக்கு."

சொர்ணம் ஒத்திகைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டியூட்டி முடிந்து நேராக வருவாள். சேலையில் டெட்டால் வாசம் இருக்கும். "பாத்துப் பழகுங்க, பெறகு சேரலாம்" என்று மாசிலாமணி ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார். இந்தப் பெண் பாடினால் சுந்தரி வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். உச்சியில் ஒரு பானைக்குத்தான் இடம்.

சங்கிலி அவளிடம் போய், "அம்மா, ஊசி எதுவும் கொண்டாந்திருக்கீகளா? அண்ணே இழுக்கிற இழுவையில நான் எப்ப விழுவேன்னு தெரியல. தயாரா இருங்க" என்றான்.

"விழுங்கண்ணே, பாத்துக்குவோம். உங்க சைசுக்கு ஊசி கிடைக்குமான்னுதான் தெரியல" என்றாள் அவள்.

விஷயம் குருவானவர் காதுக்குப் போயிற்று. அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "அந்தப் பொண்ணு பாடணும். இல்லேன்னா குழுவைக் கண்ணுச்சாமி நடத்தட்டும்." குழு போனால் மண்டபமும் போகும், மண்டபம் போனால் சுந்தரியும் போவாள். மாசிலாமணி தலையாட்டினார்.

சொர்ணம் பாடினாள். கை காட்டிய அந்த நொடியில், கிணற்றில் வாளி விழுகிற மாதிரி நேராக வந்து விழுந்தாள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மண்டபம் நிறைந்துவிட்டது. மேலே வேறு யாரும் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மாசிலாமணி கையை இறக்கினார்.

"கொஞ்சம் பொறுத்து வாங்கம்மா."

"நேரத்துக்குத்தானே சார் வந்தேன்?"

"ஆமா. நேரத்துக்கு வர வேணாம். எல்லாரும் நிக்கட்டும். பெறகு வாங்க."

மருந்துச் சீட்டுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய பெண். சொன்னபடி செய்தாள். "கீழேருந்து தொட்டு ஏறுங்க" என்றார், செய்தாள். "மூச்செடுக்கிறது கேக்கட்டும்" என்றார், அதையும் செய்தாள். நாளுக்கு நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகையில் மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். கீழ்க்குரல்கள் நின்றன. பாதி இருட்டில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு லேசாகத் தொட்டு, ஏறி, வந்து சேர்ந்தது.

சங்கிலியின் அடிக்குரல் நடுங்கி நின்றுபோனது. கண்ணுச்சாமி நிறுத்தினார். ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்ள, கடைசியில் அந்த ஒரு குரல் மட்டும் கூரையின் கீழே தனியாக நின்றது. மாசிலாமணி கண்ணைத் திறக்கவே இல்லை.

"நிறுத்துங்க தம்பி!" என்று கத்தினார் பாக்கியத்தம்மாள். "என்ன காரியம் செய்யிறீக நீங்க? செத்தவ குரலைக் கொண்டாந்து உசுரோட இருக்கிற பிள்ளை தொண்டையில திணிக்கிறீகளே! தான் யாரா நிக்கிறோம்னு அதுக்குத் தெரியுமா?"

சொர்ணம் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "யாரா?" என்றாள். சங்கிலி போய் வெளியே இருந்த விளக்கைத் தூக்கிவந்து மண்டபத்தின் நடுவில் வைத்தான். அது சீறிக்கொண்டு எரிந்தது. வெளிச்சத்தில் எல்லோர் முகமும் வெளுத்திருந்தது.

"சார், எனக்கு நேரத்துக்கு வரத்தான் தெரியும்," என்றாள் சொர்ணம். "நீங்க சொன்னீகன்னு பிந்தி வந்தேன். பிந்தி வாரப்ப, என் எடத்துல யாரோ முன்னாடியே நிக்கிற மாதிரி இருக்கு. விலகிக்கன்னு சொல்லவும் பயமா இருக்கு. நாளைக்கு நீங்க கையை எப்பக் காட்டுறீகளோ அப்ப வாரேன். உங்க இஷ்டம்."

மாசிலாமணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தார். தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மணலில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு, வெளுத்த துணிகளை வண்ணார்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தம்மாள் மேல் கோபம் வந்தது. சுந்தரி குரலைத் தன்னைவிட யாருக்குத் தெரியும்? மனசுக்குள் அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். மூச்சு கேட்டது, தொட்டது, ஏறியது. ஏறி வந்தது சொர்ணத்தின் குரல். தலையை உதறிவிட்டு மறுபடி கூப்பிட்டார். போன வருஷத்துப் பாட்டு, அதற்கு முந்தின வருஷத்துப் பாட்டு, கல்யாணமான புதிதில் அடுப்படியில் முணுமுணுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாவற்றிலும் சொர்ணம் நின்று, கற்றுக்கொடுத்தபடி, தாமதமாக வந்துகொண்டிருந்தாள்.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். சாவு கொண்டுபோனது போக மிஞ்சியிருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே, மேலே வேறொன்றை அடித்து அடித்து, அழித்துக்கொண்டிருந்திருக்கிறார். டைப்பு அடிக்கிறவருக்குத் தெரியாதா, எழுத்தின் மேல் எழுத்தடித்தால் கீழே இருப்பது என்ன ஆகும் என்று? "சுந்தரி" என்றார் வாய்விட்டு. ஒரு வண்ணார் நிமிர்ந்து பார்த்தார்.

கச்சேரிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. கலர்க் காகிதத் தோரணம், நாலு பெட்ரோமாக்ஸ், மடியில் தூங்கிப்போன குழந்தைகள். மாசிலாமணி கையை உயர்த்தினார். பாட்டு அதன் இயல்பான ஓட்டத்தில் கிளம்பியது. சங்கிலிக்குக் கண் விரிந்தது, பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. வாசலில் நின்ற மில்காரர்கள் தலையை ஆட்டத் தொடங்கினார்கள். கடைசி ஆமென் வந்தது. அடிக்குரல் விரிந்தது. நடுக்குரல் நின்றது. பாக்கியத்தம்மாள் தன் குரலை மேலே வைத்துவிட்டு, மாசிலாமணியின் கையையே பார்த்தார். சொர்ணமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை பழக்கத்தில் காத்திருக்கப் பார்த்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். ஆனால் கை அசைந்தது, நேரத்துக்கு அசைந்தது. சொர்ணம் வந்து விழுந்தாள்.

இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் அவள் குரலைக் கேட்டார். கோடித்துணி மாதிரி ஓரத்தில் சின்னச் சொரசொரப்பு உள்ள குரல் அது. சுந்தரிக்கு அது கிடையாது. இரண்டும் வேறு வேறு. எப்படி இதைக் கேட்காமல் இருந்தோம் என்று நினைத்தார். அந்தச் சொரசொரப்பை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையை மூடினார். பாட்டு நின்றது. ஜனங்கள் எழுந்தார்கள்.

பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சொர்ணம் அவரிடம் வந்தாள். ஏதோ கேட்கத் தயங்குகிறவள் மாதிரி சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"சார், கடைசி ஆமென்ல எனக்கும் மேல ஒருத்தர் பாடுனாங்களே, அது யாரு? கூட்டத்துல இருந்தா?"

மாசிலாமணி கையிலிருந்த பெஞ்சை மெதுவாகத் தரையில் வைத்தார். கச்சேரியில் அவர் காதில் அது விழுந்திருக்கவில்லை. கவனமெல்லாம் சொர்ணத்தின் குரலில் இருந்தது.

"எப்ப வந்துச்சு?"

"எல்லாரும் வந்து நின்ன பெறகு. கீழேருந்து தொட்டு..." சொர்ணம் பேச்சை நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. தான் படித்த பாடம் அது என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. "சார்... நாளைக்கு வண்டியூர்ல நான் என்ன செய்யணும்?"

சங்கிலி கடைசி விளக்கின் காற்றைத் திறந்துவிட்டான். சீறல் மெள்ள அடங்கியது. மாசிலாமணி கூரையைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நீங்க நேரத்துக்கே வாங்கம்மா," என்றார். "அவ பிந்தித்தான் வருவா."