புல்வெட்டும் மெஷினுக்குச் சந்தனம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி கன்டோன்மென்ட்டில் எங்களுக்கு அரசாங்க வீடு கிடைத்தது. வாசலில் புல்தரை. தன் நாட்டுக்கே திரும்பிப் போகவிருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து, கையால் தள்ளும் புல்வெட்டும் மெஷின் ஒன்றை என் கணவர் வாங்கி வந்தார். உறையூர்ச் சந்தில் வளர்ந்த மனிதருக்கு அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. மெஷினை வேறு யாரும் தொடக்கூடாது.

ஆயுத பூஜை வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மெஷினைக் கழுவினார். கத்திகளுக்கெல்லாம் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். சுழலும் இடங்களில் விடுவதற்கு நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார்.

"அது பிசுபிசுன்னு ஒட்டிக்குங்க. என் தையல் மெஷின் எண்ணெய் இருக்கு, அதை விடுங்க" என்றேன்.

"சாமி கும்பிடுற நாள்ல அந்த நாத்தம் புடிச்ச எண்ணெயா? உனக்கென்ன தெரியும், சும்மா இரு."

நல்லெண்ணெயையே தாராளமாக விட்டார். பொரிகடலை படைத்து, சூடம் காட்டி, மெஷினை அப்படியே கொட்டகையில் வைத்துப் பூட்டினார்.

ஐப்பசி மழையில் புல் மளமளவென்று வளர்ந்தது. இவருடைய பதவி உயர்வைக் கையில் வைத்திருந்த மேலதிகாரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். மெஷினை ஓட்டிக் காட்டுகிறேன் என்று இவர்தான் ஆபீசில் பீற்றிக்கொண்டிருந்தார்.

தள்ளினார். நகரவில்லை. முக்கித் தள்ளியதில் சக்கரம் புல்லைப் பிய்த்துக்கொண்டு இழுபட்டது, கத்தி மட்டும் சுற்றவில்லை. அதிகாரி குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்தார். துருவும் சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து பிசினாக இறுகியிருந்தன.

"இதுக்கு யாருங்க நல்லெண்ணெய் விட்டது?"

"எங்க வீட்லதாங்க சார். பக்தி ஜாஸ்தி" என்று என்னைக் காட்டிச் சிரித்தார் என் கணவர்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. பழி என்மேல் விழுந்ததைவிட, இப்படிப்பட்ட கோழையோடா குடும்பம் நடத்துகிறேன் என்பதுதான் பெரிய அவமானமாக இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதவி உயர்வு எனக்கும் வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அதிகாரி நல்ல மனிதர். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல என்னிடம் பொறுமையாகச் சொன்னார். "வெட்டி முடிச்சதும் ஒட்டின புல்லைத் தட்டிடணும்மா. ஈரமில்லாம துடைக்கணும். மண்ணெண்ணெயால பழைய பிசுக்கை எடுத்துட்டு மெஷின் ஆயில் விடுங்க. மழைக்கு முன்னாடி கத்தியைச் சாணை புடிச்சு, கிரீஸ் தடவி வைங்க."

ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்று தலையாட்டினேன்.

கார் தெருமுனை திரும்பும்வரை கும்பிட்டபடி நின்ற என் கணவர், என் பக்கம் திரும்பினார்.

"எல்லாத்தையும் ஒழுங்கா கேட்டுக்கிட்டியா?"