வாசல் நிலைக்கு மேலே ஓர் ஓட்டை

கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, சுவரில் பெருக்கல் குறி போடுங்கள் என்றார் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த ஜெர்மானியர். தெருவில் தோண்டிப் புதைத்த கம்பி எங்கள் வீட்டுக்குள் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதை நான்தான் குறிக்க வேண்டுமாம். இது போன வாரம். மருந்துக் கிடங்கில் அதிகாலை ஷிப்ட் முடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கெல்லரில், அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில், அவரோடு நின்றுகொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மரியாதையாகச் சொன்னேன்: "நீங்களே பார்த்து, எங்கே சரியோ அங்கே போடுங்கள்." அவர் துளைபோடும் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "வீட்டின் சொந்தக்காரர் எப்போது வருவார்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான்தான் சொந்தக்காரி என்றேன். அப்படியானால் குறி போடுங்கள் என்று மறுபடியும் பென்சிலைக் காட்டினார். பாவம், அவர் மேல் தப்பில்லை. திருச்சியில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் "நீங்களே பாத்துப் பண்ணுங்க" என்றால் அது அவருக்குக் கொடுக்கும் மரியாதை. கூடவே டீயும் வரும். இங்கே அதையே சொன்னால் அந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்த ஊரில் யாரும் நமக்காக எதையும் பார்த்துப் பண்ணிவிட மாட்டார்கள். எந்தக் குப்பை எந்தத் தொட்டியில், எந்தக் காப்பீடு, பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்து, தப்பாகிப்போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே வாழும் நம்மவர்களுக்கு இந்த அலுப்பு தெரியும். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பீர்கள். கொடுத்துவைத்தவளுக்கு இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான். கொதிகலன் பக்கத்தில் ஏனோதானோவென்று ஒரு குறி போட்டேன். அவர் அளவுநாடாவை எடுத்து, அந்த ஏனோதானோவை ஒரு நூல் பிசகாமல் மதித்துத் துளைத்தார்.

ஸ்ரீரங்கத்தில் அப்பா வீட்டில் அதற்குச் சில வாரங்கள் முன்பு இதே வேலை நடந்தது. அங்கே நடந்த கூத்தே வேறு.

அப்பா பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். தினமும் காவிரிப் பாலம் தாண்டி சைக்கிளிலேயே போய் வந்த மனுஷர். விசில் இல்லாமலே மைதானத்தின் அந்தக் கோடிவரை குரல் போகும். அம்மா போனபிறகு தனியாக இருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி ஒருமுறை இங்கே அழைத்து வந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனியைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு டிக்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டார். போன மார்கழியில் காய்ச்சலோடு கட்டிலை விட்டு எழுந்தவர் தலைசுற்றி விழுந்து, எழ முடியாமல் வெகுநேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள்தான் தூக்கி உட்காரவைத்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு வாரம் கழித்து, அதுவும் பேச்சுவாக்கில். அன்றிலிருந்து அவருடைய பட்டன் போன் இரண்டு தடவை கூடுதலாக அடித்தாலே மறுபடி விழுந்துவிட்டார் என்றே முடிவுகட்டிவிடுவேன். கோடையில் ஊருக்குப் போனபோது ஒரு டேப்லெட்டும் ஒரு சின்ன கேமராவும் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். கேமரா, அவர் படுக்கும் பின்னறைக்கு. இணைப்பு மட்டும் வந்துவிட்டால், எழுந்தாரா, சாப்பிட்டாரா, படுத்தாரா என்று இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இங்கே உட்கார்ந்தபடியே நான்தான் அந்த இணைப்பைப் பதிவு செய்தேன்.

வேலைக்கு வந்தவர் பெயர் செல்வம், துறையூர்ப் பக்கம். அவர் போனிலேயே வீடியோ கால் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் கிடங்கின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறை, கூடம், பின்னறை, அப்புறம் கொல்லை.

"அக்கா, வைஃபை பெட்டிய நடுக்கூடத்துல வச்சிட்டா முன்னாடியும் நெட் கெடைக்கும், பின் ரூமுக்கும் கெடைக்கும். வயர செவுத்தோரமா கிளிப் அடிச்சுக் கொண்டு போயிடலாம்."

"அப்படியே பண்ணிடுங்க," என்றேன்.

"இருப்பா," என்று அப்பாவின் குரல் குறுக்கே வந்தது. "வாசல் நிலைக்கு மேல ஓட்டையப் போடு. பெட்டி முன் ரூமோட நிக்கட்டும்."

"சார், அங்க வச்சா பின் ரூமுக்கு சுத்தமா வராது. உங்க வீட்டு செவுரு ஒன்னொன்னும் கோட்ட மதில் கணக்கா இருக்கு."

"வராட்டி போவுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "என்னப்பா வெளையாடுறீங்களா? அப்புறம் கேமராவ எங்க மாட்டுறது?"

"அத மாட்ட வேணாம்."

"விழுந்து கெடந்தத ஒரு வாரம் கழிச்சு சொல்றீங்க. நான் என்ன மூணாவது மனுஷியா?"

செல்வம் பாவம், போனை யார் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் நின்றார். "அக்கா, பதிவு பண்ணது நீங்க. செவுரு சாரோடது. நான் யார் பேச்சக் கேக்குறது, சொல்லுங்க?" என்றார். அப்பா அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். முகத்தை ரொம்பக் கிட்டத்தில் வைத்துக்கொண்டதால் மூக்கும் கண்ணாடியும்தான் தெரிந்தன. குரலை மட்டும் நன்றாகத் தணித்திருந்தார்.

"பாப்பா, அந்த ரூம்ல நான் நல்லா இருக்கறதில்லம்மா. செவுத்தப் புடிச்சிட்டுத்தான் எந்திரிக்கிறேன். பல்லக் கழட்டி டம்ளர்ல போட்டு வைக்கிறேன். வேட்டி நழுவுனா குனிஞ்சு எடுக்க அவ்ளோ நேரம் ஆவுது. அத நீ அங்கேருந்து பாத்து என்ன பண்ணப் போற? ஏறி வந்துடுவியா? ஒக்காந்து அழுவ. நான் அங்க இருமுனா அது இருமலோட போவட்டும், உனக்கு சேதியா வர வேணாம். எதுத்த வீட்டுல சாவி குடுத்து வச்சிருக்கேன். உன்கிட்ட பேசணும்னா சட்டையப் போட்டுக்கிட்டு முன் ரூமுக்கு வந்து பேசறேன். அது போதும்."

விமானம் ஏறிப் போவதென்றால் முதலில் லீவு கேட்க வேண்டும், டிக்கெட் கிடைக்க வேண்டும், பிள்ளையை யாரிடமாவது விட வேண்டும். அப்பா எழவே முடியாமல் கிடந்தால், நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். அவர் அன்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அதுவும் முன்பின் தெரியாத ஒருவரின் போனில். செல்வம் போனைத் திரும்ப வாங்கி, "அக்கா?" என்றார். "அப்பா சொல்ற எடத்துலயே போடுங்க," என்றேன். போனில் கேட்ட ட்ரில் சத்தம் தாங்காமல் சாப்பாட்டு அறையில் எல்லோரும் மறுபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து தினமும், எனக்கு மதியம் அவருக்குச் சாயங்காலம், அப்பா டேப்லெட்டில் கூப்பிடுகிறார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, படிய வாரிய தலை, மைதானத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்த முதுகு. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் ஆடிக்கூட்டம் மாதிரி கூட்டம் என்பார், ஜீயபுரத்தில் காற்றடித்து வாழையெல்லாம் சாய்ந்துவிட்டது என்பார். நீ ஏன் இளைத்துப்போயிருக்கிறாய் என்று என்னை அதட்டுவார். அவரைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்ன, நல்லாருக்கேன்." பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறார். நாளாக ஆக நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். கேமரா அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

இன்று பேசி முடித்தவர் டேப்லெட்டை அணைக்க மறந்துவிட்டார். மேஜைமேல் நின்றபடி அது பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக் கைகளை அழுத்திப் பிடித்து, முடியாமல் உட்கார்ந்து, மறுபடி முயன்று எழுந்தார். ஒரு கை சுவரில். மறு கையால் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கூடத்தைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஐயோ, இவ்வளவு ஒடுங்கிப்போயிருக்கிறாரே! "அப்பா" என்று வாய்வரை வந்துவிட்டது. கூப்பிட்டால், நான் பார்த்துவிட்டது தெரிந்துவிடும். அப்புறம் முன்னறையில்கூட அவர் நிம்மதியாக உட்கார மாட்டார். இதைப் பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு சண்டை போட்டேன். அவர் அடுத்த அடி எடுத்து வைப்பதற்குள் என் விரல் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. நாளைச் சாயங்காலம் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால்தான் தெரியும்.