மீன்கொத்தி முகம்

எங்கள் நகரின் குடியிருப்போர் சங்கம் புத்தாண்டுக்கு மாறுவேட விருந்து நடத்துவதாகச் சுற்றறிக்கை விட்டது. முகத்தில் வண்ணம் கட்டாயமாம். ஓய்வூதியர்கள் நிறைந்த கும்பகோணத்துத் தெருவில் இந்த யோசனை யாருக்கு உதித்ததோ தெரியவில்லை. இத்தகைய அறிக்கைகளை எழுத்துப்பிழை திருத்திவிட்டுக் குப்பையில் போடுவது என் வழக்கம். அன்று என் மனைவி அதைக் கையிலிருந்து வாங்கிப் படித்தாள்.

"முகம் பூரா பெயிண்ட்டா? அப்ப நான் வரேங்க" என்றாள்.

ஆடியில் அவளுக்கு முகவாதம் வந்திருந்தது. பெரும்பாலும் குணமாகிவிட்டது, சிரித்தால் மட்டும் இடப்பக்க உதடு மேலே ஏறாது. அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவள் வருவதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். வாசலில் கீரை வாங்கவும் நான்தான் போக வேண்டும். மருத்துவர் சொன்ன பயிற்சிகளை நேரம் தவறாமல் செய்யவைத்தேன். அவளை வெளியே அழைத்துப்போக மட்டும் எனக்குத் தெரிந்த விதிகளில் வழி இல்லை. இப்போது அவளே வருகிறேன் என்கிறாள்.

வண்ணப்பெட்டி வாங்கி வந்தேன். தூக்கணாங்குருவி என்று அவள் முடிவு செய்தாள்: மஞ்சள் தலை, கன்னத்தில் கருப்பு. தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவன் வேறெப்படித் தொடங்குவான்? முகத்தைக் காகிதத்தில் வரைந்து, எல்லை பிரித்து, நெற்றிக்கும் தாடைக்கும் எண் கொடுத்தேன்.

"பட்டா யார் பேருக்குங்க?" என்று கேட்டாள்.

பெட்டியில் அச்சிட்டிருந்தபடி ஒவ்வொரு வண்ணத்தையும் முதல் நாளே அவள் மணிக்கட்டில் தடவிப் பார்த்தோம். மஞ்சள் மட்டும் அரித்தது. அதைத் தள்ளுபடி செய்துவிட்டு, அவள் தினமும் பூசிக் குளிக்கிற மஞ்சளையே குழைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை நெற்றியும் கன்னமும் நன்றாகவே வந்தன. பிறகு கருப்பு, கன்னத்தில் எல்லை தாண்டி வழிந்தது. ஆக்கிரமிப்பை அகற்றுவது எனக்குப் பழகிய வேலை. ஈரத்துணியில் சோப்பைத் தேய்த்துத் துடைத்தேன். மஞ்சள் செங்கல் நிறமாகச் சிவந்தது. பதறி இன்னும் துடைத்தேன்; இன்னும் சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கும் என்பது இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. சோப்பும் அதைத்தான் செய்யும். எனக்கும் தெரியும். துடைக்கிற அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

விருந்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. அவள் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். நான் வரலை என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவள் சிரித்தாள். இடப்பக்க உதடு ஏறவில்லை. அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் சிரித்தாள். முந்தானை மடியிலேயே கிடந்தது.

"மீன்கொத்திக்குத் தலை இந்தக் கலர்தாங்க. மிச்சத்துலயும் சோப்பைத் தேய்ங்க. நீலம் இருக்குல்ல?"

தேய்த்தேன். தொண்டைக்கு வெள்ளை, மூக்குக்குச் சிவப்பு, பொட்டிலிருந்து காது வரை இறக்கையாக நீலம். என் வரைபடம் அதற்குள் தரையில் கிடந்தது. ஆடியிலிருந்து தொடாத நீலப் பட்டுப்புடவையை அவளே பீரோவிலிருந்து எடுத்தாள்.

விருந்தில் ராஜா வேடமிட்ட சங்கச் செயலாளர் அவளைச் செம்போத்து என்றார். அவள் விடவில்லை, இரண்டு பறவைக்கும் என்ன வித்தியாசம் என்று கொண்டைக்கடலைச் சுண்டல் ஆறும்வரை விளக்கினாள். பரிசு வேறொருவருக்குப் போனது. நடுவர்களின் தீர்ப்பில் எனக்கு ஆட்சேபணைகள் உண்டு, மேல்முறையீடு செய்யவில்லை.

மறுநாள் காலையில் நீலமும் வெள்ளையும் போயிருந்தன, மஞ்சள் போகவில்லை. நெற்றியும் கன்னமும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. இனி ஒரு வாரத்துக்குக் கதவு திறக்காது என்று நினைத்தேன். தெருவில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்டதும் பையை எடுக்கப் போனேன். ஆணியில் பை இல்லை.

வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"என்னம்மா, காமாலை வந்தாப்ல இருக்கு மூஞ்சி?" என்றார் கீரைக்காரம்மா.

"மீன்கொத்தி வேஷம் போட்டேன். இவருதான் பூசிவிட்டாரு" என்று சொல்லி என் மனைவி சிரித்தாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

கீரை வாங்கும் பொறுப்பு அன்றோடு என்னிடமிருந்து போய்விட்டது. முறையான உத்தரவு எதுவும் இல்லை. உள்ளே வந்தவள் பையை என் கையில் கொடுத்தாள்.

"முருங்கைக்கீரை. ஆஞ்சு வைங்க."

முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கத்தின் சுற்றறிக்கை மேசையில் இருந்தது. பிழை எதையும் திருத்தாமல் அதை மடித்துப் பத்திரமாக வைத்துவிட்டுக் கீரையை ஆயத் தொடங்கினேன்.