இரும்புக்கு அடியில் ஒரு குடை

மகள் படிக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் இரும்புச் சிற்பம் ஒன்று நிற்கிறது. தென்னை உயரம் இருக்கும். கனத்த உருக்குத் தகடுகளை வளைத்து, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நட்டிருக்கிறார்கள். அவளைச் சேர்க்கப் போன அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

"இது எதுக்குள்ள சாதனமாக்கும்?" என்று கேட்டேன்.

"அம்மா, அது சிற்பமாக்கும். ஒண்ணுக்கும் உள்ளதில்ல. சும்மா பாருங்க."

பார்த்தேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அதன் அடியில்தான் அரட்டை. வகுப்பு முடிந்தால் மகளும் அங்கேதான் கிடப்பாள்.

போன துலா மாதம், அதாவது ஐப்பசியில், ஒரு மத்தியானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. கேரளத்து எல்லையோரம் எங்கள் பக்கத்தில் அந்த மாதத்து மழை இடி மின்னல் இல்லாமல் வராது. நான் உதியன்குளங்கரை முக்கில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் சிற்பத்துக்கடியில இருக்கேன். மழ வருது, விட்ட பொறவு வாறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே இடி வெட்டியது. அத்தனை பெரிய இரும்பு, அதற்கடியில் என் பிள்ளை! திரும்பக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப் என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல். மறுபடியும் அதே குரல். பையைக் கடையிலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினேன்.

"பேடிக்கண்டா சேச்சி, ஒண்ணும் வராது" என்று பயத்தைத் தெளிவிக்கப் பார்த்தார் ஓட்டுநர்.

"நீங்க வண்டிய விடுங்க!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், மனிதர். வழிநெடுகப் போனைக் காதிலிருந்து எடுக்காமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அந்தச் சிற்பத்தைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

போய் இறங்கும்போதும் இடி நிற்கவில்லை. சிற்பத்துக்கடியில் ஆளே இல்லை. மகளின் மஞ்சள் குடை மட்டும் சேற்றில் மல்லாந்து கிடந்தது. அதை எடுக்கப் போனேன்.

"அம்மா! அங்க நிக்காதிய! இங்க ஓடி வாங்க!"

நூலக வராந்தாவிலிருந்து என் மகள்தான் கத்தினாள். முழுசாக நின்றாள், என் தங்கம். எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன்.

"குட ஏன்டீ அங்க கெடக்கு? போனுக்கு என்ன வந்தது?"

"நீங்கதானே சொல்லித் தந்திய? இடி வெட்டினா போன ஓஃப் ஆக்கணும், கம்பியுள்ள குடயத் தொடப்பிடாது, இரும்புக்குப் பக்கத்தில நிக்கப்பிடாதுன்னு. மொத இடிக்கே எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துட்டேன்."

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள சட்டம்தான். இடி கேட்டால் டி.வி. வயரைப் பிடுங்குவோம், போனை அணைப்போம். சொல்லிக்கொடுத்த நான்தான் அத்தனை இடியிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மழை விட்டது. சிற்பம் அதுபாட்டுக்கு நனைந்து நின்றது. அதன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றோ, நின்றுவிட்டுப் போகட்டும் என்றிருந்தது.

"அம்மா, கை வலிக்குது, விடுங்க" என்றாள் மகள், திரும்பி வரும் ஆட்டோவில்.

"வலிக்கட்டும் மக்கா" என்றேன்.